அடித்தல் திருத்தல் அற்ற கட்டுரைகள்

சில ஆண்டுகளுக்கு முன் நகரியில் நடைபெற்ற மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்றிற்கு நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். நடத்திய அமைப்பின் பெயர் ஈண்டு வேண்டா. மதிப்பெண் பட்டியலின் அடியில் நம் கையெழுத்தும் இருக்கின்றமையால், பழி கூறப் புகுந்தால் அதில் ஒரு பங்கு நம்மையே வந்து சேரும். போட்டிக்குத் தந்த பொருள் 'எங்கள் ஊர்த் தொழில்' என்பது. நகரியில் ஊர்த் தொழில் யாதெனக் கேட்க வேண்டுவதில்லை. ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கித் தெருவில் கால் வைத்த உடனே விசைத்தறியின் ஓசை வந்து விடை சொல்லும். விதிகள் நான்கு. அவற்றுள் மூன்றாம் விதி, 'அடித்தல் திருத்தல் இன்றி எழுதப்பெற வேண்டும்' என்றிருந்தது.

வந்த தாள்கள் 38. அவற்றுள் பெரும்பாலானவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையும் வரிசையாகச் சொல்லி ஒரே வாக்கியத்தில் தொடங்கின. ஒரே வாக்கியத்தில் முடிந்தன. இடையில் வந்த மேற்கோளும் ஒன்றே. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல் ஒன்றிலிருந்து அவை அப்படியே எடுக்கப்பட்டவை என்பது நடுவர் மூவருக்கும் தெரியும். ஆயினும் முதற்பரிசு, அந்நூலை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருந்த தாளுக்கே கிடைத்தது. முன்னுரை என்னும் சொல்லை நீல மையால் எழுதி, பச்சை மையால் அடிக்கோடும் இட்டிருந்தான் அம்மாணவன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

மற்றொரு தாளை நம்மால் மறக்க இயலவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது; தறிக்காரர் வீட்டுப் பெண். நெசவு நம் நாட்டின் பழம்பெருந் தொழில் என்று முதலில் எழுதியிருந்தாள். அதை ஒரு கோட்டால் அடித்திருந்தாள். அதன் கீழே, தறி ஓடும்போது எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது என்று எழுதி, அதிலும் பாதியை அடித்திருந்தாள். மூன்றாம் முறையாக எழுதியது இது: 'கரண்டு போனால்தான் எங்கள் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.' அதன்பின் அவள் எழுதியதில் அடித்தல் மிகக் குறைவு. தன் வழியைக் கண்டுகொண்டாள் என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் தாளில் முன்னுரை என்னும் தலைப்பு இல்லை. முடிவுரை என்பதும் இல்லை. மூன்றாம் விதிப்படி அத்தாள் தனியே ஒதுக்கப்பட்டது. ஒதுக்கிய கைகளுள் ஒன்று நம்முடையது.

நாம் சொல்ல வந்தது ஒன்றே. கட்டுரையின் உறுப்புகள் வேறு; கட்டுரை எழுதும் படிகள் வேறு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்பன எழுதி முடிந்த கட்டுரையின் உறுப்புகள். அவற்றைக் காட்டிவிட்டு, எழுதும் வழியைக் கற்பித்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்குத் திண்ணை, கூடம், கொல்லை என மூன்று பகுதிகள் உண்டு என்று ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நாளைக் காலையில் போய் ஒரு வீடு கட்டிவிட்டு வா என்றால் அவன் என் செய்வான்? பக்கத்து வீட்டைப் பெயர்த்துக்கொண்டுதான் வருவான். நம் பிள்ளைகள் செய்வதும் அதுவே. குற்றம் அவர்களுடையதன்று.

படிகள் யாவை எனின், பொருளைப் பற்றித் தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று முதலில் பார்த்தல்; தெரியாததைக் கேட்டும் கண்டும் படித்தும் திரட்டல்; திரட்டியவற்றுள் எதைச் சொல்வது என்று துணிதல்; துணிந்ததற்கு ஏற்ப வரிசை செய்தல்; பிழைக்கு அஞ்சாமல் ஒருமுறை எழுதிப் பார்த்தல்; எழுதியதைப் பிறர் கேட்கப் படித்தல்; வேண்டாததை வெட்டி, இல்லாததைச் சேர்த்து, இடம் பிறழ்ந்ததை இடம் மாற்றித் திருத்தல்; எல்லாம் முடிந்தபின் எழுத்துப் பிழை களைந்து நல்ல கையெழுத்தில் படியெடுத்தல். இவற்றுள் நம் பள்ளிகளும் வீடுகளும் கற்பிப்பது எது? கடைசியில் சொன்ன படியெடுத்தல் ஒன்றுதான். அதுவும் பிறர் எழுதியதைப் படியெடுத்தல். தேர்வுத்தாளில் 'குறிப்புச் சட்டகம்' என்று ஒன்று எழுதச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டால் திட்டமிடுதலைக் கற்பிப்பதுபோல் தோன்றும். அச்சட்டகத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

நாம் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறோம். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதற்கு உடனே விடை போய்விடாது. பழைய கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். இதற்கு முன் இப்பொருளில் என்ன முடிவாயிற்று என்று பார்க்க வேண்டும். விதி என்ன சொல்கிறது என்று குறிப்பு எழுத வேண்டும். பின்னர் ஒரு வரைவு. வரைவின் மேல் பிரிவுத் தலைவர் கைவைப்பார். அவருக்கு மேலிருப்பவர் அவர் திருத்தத்தைத் திருத்துவார். முதலில் நாம் எழுதிய சொல்லே சில நாள் மூன்றாம் கையில் திரும்பி வந்துவிடும் வேடிக்கையும் உண்டு. அதற்குப் பிறகுதான் செம்மைப்படி. இன்று இவையெல்லாம் கணினித் திரையில் நடக்கின்றன. யார், எந்நாளில், எச்சொல்லை மாற்றினார் என்பது வரை பதிவாகிவிடுகிறது. ஒரு வங்கிக்கோ இரயில்வேக்கோ எழுதும் பத்து வரிக் கடிதத்துக்கு இத்தனை படிகள். இப்படிகளில் ஏறி இறங்குவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

அதே நாம் மாலையில் வீடு திரும்பி, பிள்ளையின் கட்டுரை ஏட்டில் ஓர் அடித்தலைக் கண்டால், 'என்ன இது, கோழி கிளறினாற்போல' என்று தாளைக் கிழித்துப் போடுகிறோம். பகலெல்லாம் வரைவு எழுதிப் பிழைக்கும் ஒருவன் தன் பிள்ளைக்கு வரைவை மறுப்பது எவ்வகை நேர்மை என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டதுண்டு. இம்மலரைப் படிப்பவருள் பலர் அஞ்சலகத்திலும் இரயில்வேயிலும் வங்கியிலும் பணிபுரிந்து ஊர் ஊராகக் குடிபெயர்ந்தவர்கள். அவர்களும் இக்கேள்விக்கு விடை சொல்லட்டும்.

நகரியைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சொல். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி தமிழகம் சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் எல்லையைத் தாண்டிப் போனவை; எங்கள் குடும்பங்களையோ எல்லைதான் தாண்டிப் போயிற்று. அப்போராட்டக் காலத்துக்கு முன்பே மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் அறநெறித் தமிழ்ச் சங்கம் கண்டு, இப்பகுதி ஊர்களில் எளியவர்க்கும் தமிழிலக்கணம் கற்பித்தார். அத்தகையோர் உழைப்பினால்தான் இன்றும் இங்கே தமிழ் முதன்மொழியாக எழுதிப் பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர்களின் நிலை எத்தகையது? வீட்டில் பேச்சு தமிழ். கடையிலும் பேருந்திலும் தெலுங்கு. விண்ணப்பத்துக்கு ஆங்கிலம். பள்ளியில் தெலுங்குப் பாடவேளையில் இவர்கள் எழுதுவது 'வியாசம்'. தமிழ்ப் பாடவேளையில் எழுதுவது 'கட்டுரை'. இரண்டும் ஒன்றே என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. முன்னொரு காலத்தில் தமிழிலும் கட்டுரைக்கு வியாசம் என்றே பெயர் வழங்கிற்று. மூன்று மொழிகளுக்கு இடையே வளரும் பிள்ளைக்கு, எண்ணுவதற்கும் வழக்காடுவதற்கும் ஒரு மொழியாவது கைக்கருவியாக வேண்டாவா? தெலுங்கில் சண்டை போடுகிறான். ஆங்கிலத்தில் பணம் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதுகிறான். தமிழில் மட்டும் ஒப்பிக்கிறான். ஒப்பித்துப் பரிசு வாங்குகிறான். பரிசு வாங்கிய பிறகு அம்மொழியால் அவனுக்கு வேறு வேலை இல்லை. தமிழ் அவனுக்குப் பண்டிகை நாளில் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொள்ளும் பட்டுவேட்டி ஆகிவிடுகிறது. தில்லியிலும் மும்பையிலும் கடல் கடந்த நாடுகளிலும் சங்கம் வைத்து வளர்க்கும் குடும்பங்களிலும் இதைக் காண்கிறோம்; நகரியில் தமிழ் நாள்தோறும் காதில் விழுந்தும் இந்நிலை என்பதுதான் வருத்தம்.

அம்மாணவியின் தாளை ஒதுக்கியபோது அவளுக்கு நாம் கற்பித்தது என்ன? உன் வீட்டுத் தமிழ் எழுதத் தகாதது. நீ கண்டது சொல்லத் தகாதது. எவரோ அச்சிட்டு வைத்ததே தமிழ் என்பதைத்தான். தமிழைக் காக்க வந்த சங்கங்கள் தமிழுக்குச் செய்யும் இத்தீங்கைத் தெலுங்கரும் செய்யவில்லை, அரசும் செய்யவில்லை.

'மனப்பாடம் நம் மரபன்றோ?' என்று கேட்பவர் உளர். ஆம், மரபே. நிகண்டும் நூற்பாவும் வாய்ப்பாடும் நெட்டுருச் செய்துதான் நம் முன்னோர் கற்றனர். அதை நாம் பழிக்கவில்லை. பிள்ளைகள் நூறு குறட்பாக்களை நெஞ்சில் நிறுத்தட்டும், நல்லதே. ஆனால் நெட்டுரு செய்ததைத் தன் எழுத்து என்று சொல்லிப் பரிசு வாங்குவது எம்மரபு? நன்னூல் செய்த பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டினர். கற்கும் முறையைப் பற்றி அவர் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கைவருவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேரும். நாமோ அந்த முதற் காற்பங்கையே முழுப்பங்காக வைத்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவரே நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று எண்ணியுரைத்தார். கூறியது கூறலும், மற்றொன்று விரித்தலும், தொடங்கும்போது வீறுடன் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிதலும் அவற்றுள் அடங்கும். இக்குற்றங்களைக் கண்டுபிடிப்பது எப்போது? எழுதிய பின்பு, திரும்பப் படிக்கும்போதுதானே? திருத்தலுக்கு இடமே இல்லாத தாளில் பத்துக் குற்றம் பற்றிய பாடம் எதற்கு?

முன்னுரையைப் பற்றியும் மரபு சொல்வதைக் கேட்போம். நம் பிள்ளைகள் முன்னுரை என்னும் சொல்லைத் தாளின் தலையில் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் எழுதாத ஒன்றுக்கு எங்ஙனம் முன்னுரை வரும்? பழைய நூல்களின் முகப்பில் நிற்கும் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்வதில்லை. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்வது மரபு. நூல் முடிந்து, பிறர் அதைப் படித்து அறிந்த பிறகு எழுவது அது. நிற்பது மட்டும் முன்னே. இவ்வளவும் தெரிந்த புலவர் வழிவந்த நாம், பத்து வயதுப் பிள்ளையிடம் பாயிரத்தை முதலில் கேட்கிறோம்!

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரத்தை எடுத்துக்கொள்வோம். வேங்கடமலையைத் தமிழுலகின் வட எல்லையாகச் சொல்லும் அதன் தொடக்கத்தை இப்பக்கத்துத் தமிழ் மேடைகளில் முழங்காத ஆண்டு இல்லை. திருப்பதியில் வாழும் தமிழர்க்கு அதில் ஒரு தனிப் பெருமிதமும் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் அதே பாயிரம் சற்றுத் தள்ளிச் சொல்லும் செய்தியை நாம் மேடையில் கேட்டதில்லை. பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்னும் சான்றோர் முன், குற்றம் நீங்க நூலைத் தெரிவித்த பிறகே தொல்காப்பியம் வெளிப்பட்டதாக அப்பாயிரம் கூறும். தொல்காப்பியருக்கே கேட்டுக் குறை சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவிக்கு வேண்டாவாம். அவள் முதல் முறையிலேயே அடித்தல் திருத்தல் இன்றி எழுதிவிட வேண்டுமாம்.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் அதுவே நிலை. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் மேலும் பல ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கித் திருத்தி, 1907-இல் இரண்டாம் பதிப்பு வெளியிட்டார். இருபது ஆண்டு இடைவெளி. அவர் தம் முதற் பதிப்பில் திருத்தம் செய்ததனால் அவர் பெருமை குறைந்ததா?

மேனாட்டார் இதை அறிந்துகொண்டதும் வெகு காலத்துக்கு முன்பன்று. அமெரிக்காவில் ஜேனட் எமிக் என்னும் அம்மையார் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி இறுதி வகுப்பு மாணவர் எண்மரை அமர்த்தி, எழுதும்போதே வாய்விட்டு எண்ணச் செய்து, எழுத்து எவ்வாறு பிறக்கிறது என்று கூர்ந்து பார்த்தார். அடுத்த ஆண்டு டொனால்டு மர்ரி, எழுத்தைச் செய்பொருளாக வைத்துக் கற்பிக்காமல் செயலாக வைத்துக் கற்பியுங்கள் என்று ஆசிரியர்களை நோக்கி வாதிட்டார். அவர் செய்தித்தாளில் தலையங்கம் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றவர். எழுத்துத் தொழிலின் உட்புறம் அறிந்தவர். 1980-இல் நான்சி சாமர்ஸ், மாணவர் திருத்துவதையும் தேர்ந்த எழுத்தாளர் திருத்துவதையும் ஒப்பிட்டுக் காட்டினார். மாணவர் சொல்லுக்குச் சொல் மாற்றுவதையே திருத்தம் என்று கருதினர்; தேர்ந்தவரோ, தாம் சொல்ல வந்தது யாது, அதன் வடிவம் யாது என்று தேடிக்கொண்டே திருத்தினர். நகரி மாணவி மூன்று முறை அடித்து எழுதியது இவ்விரண்டாம் வகைத் திருத்தம் என்பதை நாம் பின்னாளில்தான் உணர்ந்தோம்.

இனி ஒரு மறுப்பு. 'ரகர றகரம் தெரியாத பிள்ளைக்குப் படிகள் எதற்கு? முதலில் பிழையின்றி எழுதட்டும்' என்பர் தமிழாசிரியர் சிலர். அவர்கள் கவலை பொய்யன்று. இங்குள்ள பிள்ளைகளின் எழுத்தில் தெலுங்கின் சாயலும் புகும், ளகர ழகர மயக்கமும் புகும். ஆனால் எழுத்துப் பிழை களைதல் கடைசிப் படி. அதைத் தூக்கி முதலில் வைத்தால், பிள்ளை தனக்கு உறுதியாகத் தெரிந்த இருபது சொற்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவான். ஒரு சொல்லில் பிழை வருமோ என்று அஞ்சி, சொல்ல வந்ததையே விட்டுவிடுவான். பிழையில்லாத வெறுமையைவிடப் பிழையுள்ள பொருள் மேல். பிழையைப் பிறகு திருத்தலாம், வெறுமையை என் செய்வது?

'நேரம் எங்கே?' என்பது மற்றொன்று. ஆண்டுக்குப் பத்துக் கட்டுரைகளை எழுத வைத்து, பத்தையும் ஒரே மூச்சில் முடிக்கும் நேரத்தில், மூன்று கட்டுரைகளை மும்மூன்று முறை எழுத வைக்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

நம் வீட்டில் நடந்ததைச் சொல்வோம். நம் இளைய மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது 'ஆறு' என்னும் பொருள் பற்றி எழுத வேண்டியிருந்தது. வழக்கம்போலக் கங்கையில் தொடங்கி யமுனை, கோதாவரி, காவிரி என்று இறங்கிக்கொண்டிருந்தான். நாம் அவன் கையிலிருந்து ஏட்டை வாங்கி வைத்துவிட்டு, இன்று எழுத வேண்டா, நம் ஊர் ஆற்றைப் பற்றி உனக்குத் தெரிந்ததை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு வா என்றோம். குறித்தது மூன்றே வரி. நகரி ஆறு என்று பெயர், தண்ணீர் இல்லை, மணல் உண்டு. தெரியாதது எது என்று கேட்டபோது கேள்விகள் வந்தன. ஏன் தண்ணீர் இல்லை? முன்பு இருந்ததா? எங்கே போய்ச் சேருகிறது? விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பாட்டியைக் கேட்டான். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்த கதையை அவள் சொன்னாள். வரைபடத்தைப் பார்த்து, அவ்வாறு தமிழகத்துக்குள் போய்ப் பூண்டி நீர்த்தேக்கத்தில் கலக்கிறது என்று அவனே கண்டுபிடித்தான். நகரியில் பெய்யும் மழை சென்னையில் குடிநீராகிறது என்பதை அறிந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் வரைவு எழுதினான். பழைய பழக்கம் விடவில்லை, கங்கையில்தான் தொடங்கினான். பாட்டியின் முன் உட்கார்ந்து படித்துக் காட்டச் சொன்னோம். அவளுக்கு எழுத்தறிவு இல்லை. நான்கு வரி கேட்டுவிட்டு, 'ஏண்டா, இதுல நம்ம ஆறு எங்கடா இருக்குது?' என்றாள். அந்த நான்கு வரிகளும் அன்றே போயின. ஊற்றுத் தோண்டிய கதை முன்னே வந்தது. கடைசியில், மூன்றாம் படியில், ஊற்றா ஊத்தா என்று கேட்டுப் பிழை திருத்திக்கொண்டான். பள்ளியில் அக்கட்டுரைக்கு என்ன மதிப்பெண் வந்தது என்று கேளாதீர்கள்; முடிவுரையில் பொன்மொழி இல்லை என்று இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி அதங்கோட்டாசான் இருந்த இடத்தில் அமர்ந்து குறை சொன்னாள். இது எல்லா வீட்டிலும் இயலும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரிலுள்ள பாட்டி கைப்பேசியில் கிடைப்பாள். வேண்டுவது கேட்கும் காது. அதை நாம் தருவதில்லை. நாமே பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மலருக்கு வரும் 'மாணவர் படைப்புகள்' எத்தனையில் தகப்பன்மார் நடை தெரிகிறது என்பதை மலர்க்குழுவினர் அறிவர். நாகரிகம் கருதிச் சொல்லமாட்டார்கள்.

தறிக்காரர்களிடம் இதைச் சொன்னால் உடனே விளங்கிவிடுகிறது. புடைவையின் முந்தானை, உடல், கரை என்பன உறுப்புகள். அவற்றைச் சொல்லிக் கொடுத்து யாரும் நெசவு கற்பிப்பதில்லை. நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். இழை இழையாக அச்சுப் பிணைக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். அதன்பிறகுதான் நாடா ஓடும். இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட்டுவிட்டு ஓட்டுவார்கள். இழை அறுந்ததற்காகப் பாவையே அறுத்தெறியும் தறிக்காரரை நாம் கண்டதில்லை. பவணந்தியாரும் சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் வைத்து, புலவரை நூல் நூற்கும் பெண்ணாக உருவகம் செய்தவரே. நகரியில் அதை விளக்க உரைநூல் வேண்டா.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். இப்படிகளையும் நாம் கெடுத்துவிடக் கூடும். 'கட்டுரை எழுதும் படிகள் எட்டு. அவற்றை விளக்குக' என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வரும். பிள்ளைகள் எட்டையும் நெட்டுருச் செய்வார்கள். வழிகாட்டி நூலில் ஒரு பக்கம் கூடும். படிகள் மாடிப்படிகள் போல ஒருமுறை ஏறிக் கடந்துவிடுபவை அல்ல. வரைவு எழுதும்போது தெரியாதது ஒன்று தெரியவரும். மறுபடி திரட்டப் போக வேண்டும். வரிசை செய்யும்போது சொல்ல வந்ததே மாறிவிடும். அமெரிக்கரான பிளவரும் ஹேயிசும் 1981-இல் இதனைத்தான் விளக்கினர். ஆகவே எழுத வைத்துத்தான் கற்பிக்க முடியும்; சொல்லி முடியாது.

2022-க்குப் பின் இவ்வழக்கு வேறு முகம் கொண்டுவிட்டது. கைப்பேசியில் ஒரு வரி கேட்டால், அடித்தலும் திருத்தலும் இல்லாமல், முன்னுரை முதல் முடிவுரை வரை ஒரு நொடியில் இயந்திரம் எழுதித் தருகிறது. வழிகாட்டி நூலும் வேண்டா, மனப்பாடமும் வேண்டா. முடிந்த தாளை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்போமாயின், இனி நாம் பரிசு கொடுப்பது அவ்வியந்திரத்துக்கே. இயந்திரத்தை வைது பயனில்லை. பல ஆண்டுகளாக நம் பிள்ளைகளை அவ்வியந்திரம் போல எழுதப் பழக்கியவர்கள் நாமே. அது நம்மினும் நன்றாகச் செய்கிறது, அவ்வளவே.

ஆகவே சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் இது. கட்டுரைப் போட்டியைப் பண்டிகைநாள் மாலையில் ஒரு மணி நேரத்தில் முடிக்காமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துங்கள். முதல் ஞாயிறு பொருளைக் கொடுத்துக் குறிப்பும் முதல் வரைவும் எழுதச் செய்யுங்கள். அத்தாளில் அடித்தலுக்குத் தடை கூடாது. இடையிலுள்ள வாரத்தில் பிள்ளைகள் யாரையாவது கேட்டு வரட்டும், யாருக்காவது படித்துக் காட்டட்டும். மறு ஞாயிறு திருத்தி எழுதட்டும். இரண்டு தாள்களையும் சேர்த்துத் தைத்து வாங்குங்கள். பாதி மதிப்பெண், முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் இடையே நடந்த மாற்றத்துக்கு. நடுவர் வேலை இருமடங்காகும் என்பது உண்மை. திருப்பதியிலும் நகரியிலும் நடைபெறும் போட்டிகளுக்கு அவ்வேலையை ஏற்க நாம் அணியமாக இருக்கிறோம்.

மூன்றாம் விதியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் எழுத வேண்டிய புதிய விதியின் வரைவு இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. இரண்டு இடங்களில் அடித்திருக்கிறோம், இன்னும் சரியாக அமையவில்லை. அமைந்ததும் குழுவின் பார்வைக்கு அனுப்புவோம்.